காலும் காலடித்தடமும்: நூலகத்தில் இல்லாத சில்லுக்குப் படம் வரைதல்

இறுதியாண்டுத் திட்டப்பணி செய்யும் மாணவர் ஒருவர் கணினித் திரையில் சுற்று வரைபடம் வரைந்துகொண்டே வருகிறார். மின்தடை, மின்தேக்கி, இணைப்பி என்று தேவையானவை எல்லாம் மென்பொருளின் நூலகத்திலேயே கிடைக்கின்றன. ஆனால் திட்டப்பணிக்கே ஆதாரமான சில்லு, அதாவது கடைக்குப் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கிய அந்த ஒன்று மட்டும், நூலகத்தில் இல்லை. அன்றிரவு பத்து மணிக்குமேல் எனக்கு அழைப்பு வரும். “அண்ணா, இந்தச் சில்லுக்குப் படமே இல்லையே, என்ன செய்வது?”

ஜார்ஜ்டவுனில் தங்கிப் பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குச் சென்றுவரும் எனக்கு, ஆண்டுதோறும் இத்தகைய அழைப்பு குறைந்தது நான்கைந்து வந்துவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, கழக மலரில் ஒருமுறை எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் பயன்படுத்துவது கீகேட் என்னும் மென்பொருள். பிரான்சின் கிரனோபிள் நகரில் ஜான்-பியேர் ஷராஸ் 1992-இல் தொடங்கிய இம்மென்பொருளை எவரும் இலவசமாகப் பெறலாம். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்லப்போவது பொருந்தும். பொத்தான்கள் இருக்கும் இடம்தான் மாறும்.

முதலில் சில சொற்களை முடிவு செய்துகொள்வோம். சில்லின் உடலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கம்பியைக் ‘கால்’ என்கிறேன். ஆலையில் உடன் பணிபுரியும் மலாய் நண்பர்கள் அதைக் ‘காக்கி’ என்றே சொல்கிறார்கள். அதற்கும் கால் என்றுதான் பொருள். அந்தக் கால் வந்து அமர்வதற்காகப் பலகையில் விடப்படும் சிறு செப்புப் பகுதியைத் ‘திட்டு’ என்போம். ஒரு சில்லுக்கு உரிய எல்லாத் திட்டுகளும் சேர்ந்த வடிவம் அதன் ‘காலடித்தடம்’. சுற்று வரைபடத்தில் அந்தச் சில்லைக் குறிக்கும் பெட்டி அதன் ‘குறியீடு’.

ஆக, நூலகத்தில் இல்லாத சில்லுக்கு நாம் இரண்டு படங்கள் வரையவேண்டும். குறியீடு, சில்லு என்ன செய்கிறது என்பதைச் சொல்லும். காலடித்தடம், சில்லின் உடல் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லும். இவ்விரண்டுக்கும் உள்ள உறவு ஒன்றே ஒன்றுதான்: எண். குறியீட்டில் 7 என்று எழுதப்பட்ட கால், தடத்தில் 7 என்று எழுதப்பட்ட திட்டோடு சேரும். மென்பொருளுக்குத் தெரிந்தது அவ்வளவே. உண்மையான சில்லில் ஏழாவது கால் எது என்று அதற்குத் தெரியாது, கேட்கவும் கேட்காது. கம்பித் தொடர்பில் பிழை செய்தால் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும் அதே மென்பொருள், எண்ணில் பிழை செய்தால் எல்லாம் சரி என்று சொல்லிவிடும். பலகை செய்து வந்து, சில்லைப் பற்றவைத்து, மின்சாரம் கொடுத்த பிறகுதான் விவரம் தெரியும். இந்தப் பணியில் கவனம் முழுவதும் போகவேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து.

எண் ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்பதற்கு, நாம் வாழும் இந்தத் தீவின் தொழிலே விடை சொல்லும். 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரமானது. அதே ஆண்டில் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை இங்கே நிறுவியது. ஏஎம்டி, ஹிட்டாச்சி, நேஷனல் செமிகண்டக்டர் ஆகியவையும் எழுபதுகளின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. அவை இங்கே செய்தது சிலிக்கனைத் தயாரிக்கும் வேலை அன்று. வெளிநாட்டில் தயாரான சிலிக்கன் துண்டுக்கு உறை போட்டுச் சோதித்து அனுப்பும் வேலை. நம் வீடுகளிலும் அக்காள், சித்தி, அத்தை என்று யாராவது ஒருவர் நுண்ணோக்கியில் கண் வைத்து இந்த வேலையைப் பார்த்திருப்பார். கேட்டுப் பாருங்கள், நம் பாடநூலில் இல்லாத செய்திகளைச் சொல்வார்.

உறை போடுவது என்றால் என்ன? லீட்ஃபிரேம் எனப்படும் மெல்லிய உலோகச் சட்டகத்தின் நடுவே சிலிக்கன் துண்டை ஒட்டுவார்கள். அத்துண்டின் ஓரங்களில் இருக்கும் நுண்ணிய முனைகளிலிருந்து சட்டகத்தின் கால்களுக்கு முடியைவிட மெல்லிய இழையை, பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் தங்க இழையை, இழுத்துப் பொருத்துவார்கள். பின் கறுப்பு நெகிழியை வார்த்து மூடி, கால்களை வெட்டி வளைப்பார்கள். இழைகள் ஒன்றின் குறுக்கே ஒன்று போகக்கூடாது. தொட்டுக்கொண்டால் சில்லு கெட்டது. ஆகவே சிலிக்கனின் ஓரத்தில் முனைகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ, ஏறத்தாழ அதே சுற்று வரிசையில்தான் கால்களும் வெளியே வரும். ஒரே சிலிக்கனை வேறு வேறு உறைகளில் போடும்போது சுற்று வரிசை மாறாது. ஆனால் எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பது மாறிவிடும்.

நம் மாணவர்களுக்கு நன்கு அறிமுகமான ஏடிமெகா328பி சில்லையே எடுத்துக்கொள்வோம். ஆர்டுவினோ உனோ பலகையில் நீளமாக, இருபுறமும் கால்களோடு இருப்பது இதன் 28 கால் உறை. ஆர்டுவினோ நேனோ பலகையில் சதுரமாக, நான்கு பக்கமும் கால்களோடு இருப்பது இதன் 32 கால் உறை. உள்ளே இருக்கும் சிலிக்கன் ஒன்றுதான். 28 கால் உறையில் மீட்டமைப்புக் கால் 1. சதுர உறையில் அதுவே 29. நீள உறையில் 2, 3, 4 ஆகியவை சதுர உறையில் 30, 31, 32. நீள உறையின் 5, சதுர உறையில் 1 ஆகிவிடுகிறது. மின்சாரம் நீள உறையில் 7-ஆம் காலிலும் தரை 8-ஆம் காலிலும் இருக்கின்றன. சதுர உறையிலோ 3 தரை, 4 மின்சாரம், 5 தரை, 6 மின்சாரம் என்று நான்கு கால்கள். இன்னும் சற்றுத் தள்ளி 19, 22 ஆகிய இடங்களில் நீள உறையில் இல்லாத இரண்டு தொடர்முறை உள்ளீடுகள் புதிதாக நுழைகின்றன. உனோவில் ஏ5 வரை மட்டுமே இருக்க, நேனோவில் ஏ6, ஏ7 என்று இரண்டு கூடுதலாக இருப்பது இதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 23 முதல் 28 வரையிலான ஆறு கால்கள் இரண்டு உறைகளிலும் அதே எண்ணில், அதே பணியில் இருக்கின்றன. “இரண்டு மூன்று கால்களைச் சரிபார்த்தேன், எண்கள் ஒத்துப்போகின்றன” என்று சொல்பவர் அந்த ஆறில் எதையாவது பார்த்திருக்கக்கூடும். மற்ற 22 கால்களும் மாறியிருக்கும். நீள உறைக்கு வரைந்த குறியீட்டைச் சதுர உறையின் தடத்தோடு இணைத்தால், ஐந்து வோல்ட் மின்சாரம் நேராகப் படிக அலையியற்றிக்கு உரிய காலில் போய் நிற்கும். மென்பொருள் அதற்கு ஒரு புகாரும் சொல்லாது.

ஆகவே தரவுத்தாளைத் திறந்ததும், வாங்கிய சில்லின் முழுப் பெயரையும் கடைசி எழுத்து வரை பாருங்கள். எந்த உறை என்பதை அந்தக் கடைசி எழுத்துகள்தாம் சொல்லும். அந்த உறைக்கு உரிய கால் அட்டவணையை மட்டும் அச்செடுத்து மேசையில் வையுங்கள். மற்றப் பக்கங்களை மூடிவிடுங்கள்.

இனிக் குறியீடு. புதிதாக வரைபவர்கள் சில்லு எப்படித் தோன்றுகிறதோ அப்படியே, 1 முதல் 32 வரை வரிசையாகக் கால்களைச் சுற்றி வைத்துவிடுகிறார்கள். இது எளிது, ஆனால் பயனற்றது. குறியீட்டைப் படிப்பவர் சுற்றின் கருத்தை அறிய விரும்புகிறவர். அவருக்கு மின்சாரக் கால்கள் மேலே, தரை கீழே, உள்ளே வருவன இடப்பக்கம், வெளியே போவன வலப்பக்கம் என்று பணிவாரியாக இருந்தால்தான் விளங்கும். எண் எங்கே சிதறிக் கிடந்தாலும் கவலையில்லை. கால்களின் முனைகள் மட்டும் 50 மில் கட்டத்தில், அதாவது 1.27 மில்லிமீட்டர் கட்டத்தில், சரியாக அமரவேண்டும். கட்டம் தவறினால் கம்பி தொட்டதுபோல் தெரியும், தொட்டிருக்காது.

ஒவ்வொரு காலுக்கும் அது உள்ளீடா, வெளியீடா, இருவழியா, மின்சாரம் வாங்குவதா என்று வகை குறிக்கவேண்டும். இதைச் சலிப்பான வேலையென்று எண்ணி எல்லாவற்றையும் பொதுவகையில் போட்டுவிடுகிறவர்கள் பலர். எச்சரிக்கை வந்தால் அதை வாயடைக்க வகையை மாற்றுகிறவர்களும் உண்டு. இரண்டு வெளியீடுகளை ஒன்றோடொன்று கட்டிவிட்டீர்கள் என்றோ, மின்சாரக் கால் ஒன்று பட்டினி கிடக்கிறது என்றோ மென்பொருள் எச்சரிப்பது இந்த வகையை வைத்துத்தான். காவல்காரன் கண்ணைக் கட்டிவிட்டுத் திருடன் வரவில்லை என்று மகிழ்வதில் பயனில்லை. அதுபோலவே, தரைக் கால்கள் மூன்று இருந்தால் மூன்றையும் குறியீட்டில் காட்டுங்கள். பழைய நூலகங்களில் மின்சாரக் கால்களை மறைத்துவைக்கும் வழக்கம் இருந்தது. படம் அழகாக இருக்கும். ஆனால் எது எதோடு சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அந்த வழக்கம் பிடிப்பதில்லை.

காலடித்தடத்துக்கு வருவோம். இங்கே கணக்கு வேண்டும். ஆனால் ஐந்தாம் படிவக் கணிதமே போதும். சதுர உறையின் தரவுத்தாளில் உடல் 7 மில்லிமீட்டர், ஒரு பக்கக் கால்நுனியிலிருந்து எதிர்ப்பக்கக் கால்நுனிவரை 9 மில்லிமீட்டர், கால்களுக்கு இடையே 0.8 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். காலின் படியும் பகுதி 0.45 முதல் 0.75 வரை நீளம், நடுவாக 0.6 என்று கொள்வோம். மையத்திலிருந்து பார்த்தால் காலின் பாதம் 3.9-இல் தொடங்கி 4.5-இல் முடிகிறது. இப்போது 1.5 நீளமும் 0.5 அகலமும் உள்ள திட்டை மையத்திலிருந்து 4.2 தொலைவில் வைத்தால், அது 3.45 முதல் 4.95 வரை பரவும். குதிகாலுக்குப் பின்னே 0.45, விரலுக்கு முன்னே 0.45 மிஞ்சும். உருகிய ஈயம் காலை அணைத்து ஏறுவதற்கு இந்த மிச்சம் வேண்டும். ஈயப் பற்றின் வலு அங்கேதான். ஒரு பக்கத்தில் எட்டுக் கால்கள் என்பதால் இடைவெளிகள் ஏழு. ஏழை 0.8-ஆல் பெருக்க 5.6; எனவே முதல் திட்டும் கடைசித் திட்டும் நடுக்கோட்டிலிருந்து 2.8 தொலைவில் இருக்கும். அடுத்தடுத்த திட்டுகளுக்கு இடையே 0.3 வெற்றிடம் கிடைக்கும். முன்னும் பின்னும் எவ்வளவு மிச்சம் விடலாம் என்பதற்கு 2005-இல் வெளிவந்த ஐபிசி-7351 என்னும் தரநூல் தாராளம், நடுத்தரம், சிக்கனம் என மூன்று நிலைகளைத் தந்தது. கையால் பற்றவைக்கும் மாணவர்கள் தாராளத்தையே பின்பற்றுங்கள்.

அங்குலத்தையும் மில்லிமீட்டரையும் கலக்காதீர்கள். பழைய நீள உறைகள் 2.54 மில்லிமீட்டர் இடைவெளி கொண்டவை. அது சரியாக 100 மில். அந்தப் பழக்கத்தில் 0.5 மில்லிமீட்டரை 20 மில் என்று எழுதினால், உண்மையில் 0.508 ஆகும். எட்டுக் கால்களுக்கு இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. ஒரு பக்கத்துக்கு 52 கால்கள் கொண்ட 208 கால் சில்லில் 51 இடைவெளிகள், பிழை 0.408 மில்லிமீட்டராகத் திரண்டு நிற்கும். முதல் காலைச் சரியாக வைத்தால் கடைசிக் கால் பக்கத்துத் திட்டை நோக்கிப் போய்விடும்.

ஏடிமெகா328பிக்கு மூன்றாவது உறை ஒன்றும் உண்டு. 5 மில்லிமீட்டர் சதுரம், கால்களே கிடையாது. ஓரத்தின் அடியில் 32 தட்டையான முனைகள், அவற்றுக்கிடையே 0.5 மில்லிமீட்டர். எண் வரிசை 32 கால் சதுர உறையைப் போன்றதே. ஆனால் வயிற்றின் நடுவில் ஏறத்தாழ 3.1 மில்லிமீட்டர் சதுரத்தில் பெரிய உலோகத் தளம் ஒன்று இருக்கும். அதைத் தரையோடு பற்றவைக்கவேண்டும். கால் அட்டவணையில் இதற்கு எண் இராது. அடிக்குறிப்பில்தான் செய்தி இருக்கும். ஆகவே பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். நாமே 33 என்று எண் கொடுத்து, குறியீட்டில் 33-ஆம் காலையும் தடத்தில் 33-ஆம் திட்டையும் சேர்க்கவேண்டும். ஒன்றில் சேர்த்து மற்றொன்றில் விட்டால், பலகையில் அந்தத் தளம் எதோடும் சேராத செப்பாகக் கிடக்கும்.

நடுத்தளத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஆலையில் ஈயப்பசையைத் தகட்டுத் துளை வழியாகப் பூசுவார்கள். 3.1 சதுரம் முழுவதும் பசை பூசினால், அது உருகும்போது சில்லு அதன்மேல் தோணிபோல் மிதந்து சாய்ந்துவிடும். ஓர முனைகள் ஒட்டாது. எனவே செப்பு முழுதாக இருக்கட்டும்; பசைக்கான திறப்பை மட்டும் 1.2 மில்லிமீட்டர் சதுரங்களாக நான்கு போடுங்கள். மொத்தம் 5.76 சதுர மில்லிமீட்டர். தளத்தின் பரப்பு 9.61, அறுபது விழுக்காடு. பொதுவாக ஐம்பதிலிருந்து எண்பது விழுக்காடு வரை சரியாக வரும். வெப்பத்தைக் கீழ்த்தளத்துக்குக் கடத்தத் துளைகளும் போடலாம். அவற்றுக்கும் 33 என்ற அதே எண்ணே. ஒரே எண்ணில் பல திட்டுகள் இருப்பதை மென்பொருள் ஏற்றுக்கொள்ளும்.

இந்த வகை உறையில்தான் நான் அறிந்த மாணவர் குழு ஒன்று அகப்பட்டுக்கொண்டது. அவர்கள் வாங்கியது 24 முனைகள் கொண்ட உணரி. தரவுத்தாளில் மேற்பார்வைப் படம் ஒன்று, கீழ்ப்பார்வைப் படம் ஒன்று. முனைகள் தெளிவாகத் தெரிந்தது கீழ்ப்பார்வையில். அதையே அப்படியே வரைந்துவிட்டார்கள். மேலிருந்து பார்த்தால் எண்கள் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றவேண்டும். அவர்கள் படத்தில் கடிகாரத் திசையில் சுற்றின. பலகை வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தபோது படைப்புக்கு ஒன்பது நாள்கள் இருந்தன. மறு பலகைக்கு நேரமில்லை. சில்லை மல்லாந்த கரப்பான்போல் திருப்பி ஒட்டி, 24 முனைகளிலிருந்தும் மெல்லிய கம்பி இழுத்துத் திட்டுகளில் பற்றவைத்தார்கள். மூன்று இரவுகள் ஆயின. சில்லு வேலை செய்தது என்பது அவர்களுடைய பொறுமைக்குக் கிடைத்த பரிசு. ஆனால் உணரி தலைகீழாக இருந்ததால், மேல் கீழ் என்ற திசையை நிரலிலும் மாற்றவேண்டியதாயிற்று.

நூற்றுக்கணக்கான முனைகள் கொண்ட சில்லில் இந்தத் தந்திரமும் நடக்காது. பல பல்கலைக்கழக ஆய்வகங்கள் பயன்படுத்திய டிஇ2 பலகையின் நடுவில் ஆல்டெராவின் சைக்ளோன் 2 வகைச் சில்லு ஒன்று இருக்கிறது. (ஆல்டெரா 1994 முதல் பினாங்கில் வடிவமைப்பு மையம் வைத்திருந்த நிறுவனம், நம் பட்டதாரிகள் பலர் அங்கே வேலை பார்த்திருக்கிறார்கள்.) அதன் அடியில் 672 ஈயக் குண்டுகள், 26 வரிசை, 26 நிரல், ஒவ்வொன்றுக்கும் இடையே 1 மில்லிமீட்டர். இங்கே எண் மட்டும் போதாது. வரிசைக்கு ஆங்கில எழுத்தும் நிரலுக்கு எண்ணும் சேர்த்து ஏ2, என்25, ஏஈ23 என்று பெயர். ஆங்கில எழுத்துகள் எல்லாம் வரா. ஐ, ஓ, கியூ, எஸ், எக்ஸ், இசட் ஆகிய ஆறும் விடப்படும். ஒன்று, சுழியம், ஐந்து, இரண்டு போன்றவற்றோடு குழம்பக்கூடியவை அவற்றில் உண்டு. ஆகவே எச்-க்குப் பின் ஜே. ஒய்-க்குப் பின் ஏஏ. இருபது எழுத்துகளுக்குப் பிறகு ஏஏ முதல் ஏஎஃப் வரை ஆறு, மொத்தம் 26. இதை அறியாமல் அகரவரிசையை அப்படியே போட்டவர் ஒன்பதாவது வரிசையிலிருந்து எல்லாவற்றையும் தவறாகப் போட்டிருப்பார்.

அத்தகைய சில்லுக்கு ஒரே பெட்டியில் குறியீடு வரைந்தால் தாள் கொள்ளாது. எனவே குறியீட்டைப் பல அலகுகளாகப் பிரிப்பது வழக்கம். இந்தச் சில்லில் உள்ளீடு, வெளியீட்டு முனைகள் எட்டுக் கூட்டங்களாக அமைந்துள்ளன. கூட்டத்துக்கு ஓர் அலகு, மின்சாரத்துக்கும் தரைக்கும் தனி அலகு, அமைவு முனைகளுக்கு ஓர் அலகு என்று வைக்கலாம். 672 பெயர்களையும் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். உற்பத்தியாளர் கால் பட்டியலை அட்டவணைக் கோப்பாகவே தருகிறார், அதிலிருந்து படியெடுங்கள். கை சோரும், கோப்பு சோராது.

வரைந்து முடித்ததும் சரிபார்ப்பு. வரைந்தவர் கண்ணுக்கு அவருடைய பிழை தெரிவதில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்கள் என்னிடம் வரும்போது இருவராகவே வரச் சொல்கிறேன். ஒருவர் தரவுத்தாளைப் பார்த்து எண்ணை மட்டும் சொல்லவேண்டும். வரையாத மற்றவர் திரையைப் பார்த்துப் பெயரைச் சொல்லவேண்டும். “மூன்று?” “தரை.” “நான்கு?” “மின்சாரம்.” “ஐந்து?” “தரை.” பெயரையும் சேர்த்துப் படித்துவிட்டால் எதிரே இருப்பவர் ஆமாம் போட்டுவிடுவார், அதனால்தான் எண் மட்டும். 32 கால்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. தமிழிலேயே சொல்லுங்கள், பழகிவிடும்.

அடுத்து, காலடித்தடத்தை நூறு விழுக்காட்டு அளவில் தாளில் அச்சிடுங்கள். அச்சுப்பொறி ‘பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கு’ என்பதைத் தானாகத் தேர்ந்திருக்கும், அதை நீக்குங்கள். பக்கத்தில் 50 மில்லிமீட்டர் கோடு ஒன்றையும் சேர்த்து அச்சிட்டு, அடிக்கோலால் அளந்து பாருங்கள். கோடு சரியாக இருந்தால், சில்லை அதன் புள்ளி இடப்பக்க மேல்மூலையில் வரும்படி தாளின்மேல் வைத்து, நான்கு மூலைக் கால்களையும் உருப்பெருக்கியில் பாருங்கள். காலில்லாத சில்லாக இருந்தால், தாளில் உள்ள வெளிக்கோட்டோடு உடலை ஒப்பிட்டு, பிறகு கீழ்ப்பார்வைப் படத்தைக் கண்ணாடியில் காட்டி, கண்ணாடிக்குள் தெரியும் எண்கள் உங்கள் தாளோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு பலகைக்குப் பணம் கட்டுங்கள்.